புருவத்தில் பனி இல்லை

காலை பத்து மணிக்கு ஆடுகளுக்குப் புல் போட்டுவிட்டு வீடு திரும்பிய மெர்வினின் புருவத்தில் பனி இல்லை.

அவர் மனைவி நோலா அதை உடனே கவனித்துவிடவில்லை. தேநீரை ஊற்றி வைத்து, எதிரே உட்கார்ந்து, அவர் கோப்பையைத் தூக்கும்போதுதான் அந்த முகத்தில் எதுவோ குறைகிறது என்று பட்டது. சமவெளியில் மூடுபனி இறங்கிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பூமியின் தென்பாதியில் ஆகஸ்ட் குளிர்கால மாதம்; மனியடோட்டோவில் அதன் கடைசியில் அப்படி இறங்கினால் லேசில் எழுந்து போகாது. வேலிக் கம்பியிலும் வில்லோ மரத்துக் குச்சிகளிலும் துணி உலர்த்தும் கொடியிலும் விரல் நீளத்துக்கு வெள்ளை முட்களாகப் படிந்து, சூரியனைத் தட்டில் வைத்த வேகாத முட்டை மாதிரி மங்கலாக்கி, ஊரையே ஒரு ஈரப் போர்வைக்குள் சுருட்டி வைத்துவிடும். அதில் பத்து நிமிஷம் நடந்தால் போதும், யாருக்கும் புருவமும் இமையும் நரைத்துவிடும். முப்பத்தொரு வருஷமாக மெர்வின் அந்த நரைத்த புருவத்தோடுதான் வாசலில் நின்று, குளிரையும் ஆட்டையும் அரசாங்கத்தையும் ஒரே மூச்சில் திட்டியபடி பூட்ஸைக் கழற்றுவார்.

இன்று திட்டவில்லை. இரண்டு மணி நேரம் வெளியே இருந்திருக்கிறார். புருவம் ஈரமாக, கறுப்பாக, வழித்துப் படிந்திருந்தது.

"வெளியில எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றார் மெர்வின்.

ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை.

ஜூன் மாதம் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து நோலாவின் கணுக்கால் உடைந்திருந்தது. மாவுக்கட்டு எடுத்து மூன்று வாரம் ஆகியும், இன்னொரு தடவை விழுந்தால் தகடு வைத்துத்தான் தைக்க வேண்டும், பனி போகிற வரைக்கும் படி தாண்டாதே என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆக, பத்து வாரமாக அவளுக்கு உலகம் என்பது சமையலறை ஜன்னல். அதன் விளிம்பில் நான்கு தொட்டிகளில், வசந்தம் வந்ததும் மஞ்சளாகப் பூக்கும் டாஃபடில் கிழங்குகள். தினமும் காலையில் எழுந்ததும் மண்ணைக் கிளறாமல் விரலால் தொட்டுப் பார்ப்பாள். வடக்கே, குளிர் சீக்கிரம் விடும் நெல்சனிலிருந்து தங்கை கடிதம் போட்டிருந்தாள், பிளம் மரம் பூத்துவிட்டது, தேனீக்கள் வந்துவிட்டன என்று. அந்தக் கடிதத்தை நோலா நாலாக மடித்து ஏப்ரன் பையிலேயே வைத்துக்கொண்டு, அடுப்பு வேலை இல்லாதபோதெல்லாம் எடுத்து வாசித்தாள். ஈர மண்ணின் வாசனை, மலையிலிருந்து ஓடை இறங்கும் சத்தம், முதல் குட்டி போட்ட ஆட்டின் அடித்தொண்டைக் கனைப்பு. இவற்றுக்காக அவள் ஏங்கிய ஏக்கத்தை மெர்வினிடம் சொன்னால் சிரிப்பார். "வரும்போது வரும். உனக்காகத் தந்தி அடிக்கணுமா?" என்பார்.

அன்று தேநீர் குடித்து முடித்து எழுந்து போனபோது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மெத்தை நனைந்திருந்தது.

பனி உருகிய தண்ணீராக இருக்கும் என்று நினைத்தாள். துடைத்தாள். துணியை மூக்கருகே கொண்டுபோனபோது அது பனியின் வாசனையாக இல்லை. கலங்கிய சேறு, அழுகிய நாணல், துருப்பிடித்த தகரம். வீட்டுக்குக் கீழே இருநூறு அடி தள்ளி, ஆடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டையின் வாசனை. அது ஜூலையிலேயே ஒரு சாண் தடிமனுக்கு உறைந்துபோன குட்டை; அக்கம்பக்கத்து ஆண்கள் போன மாதம்தான் அதன்மேல் நின்று விஸ்கி குடித்துக்கொண்டு, வழவழப்பான கனத்த கல்லைப் பனிக்கட்டியில் சறுக்கித் தள்ளி விளையாடிவிட்டுப் போனார்கள்.

"மெக் எங்கே?" என்று மத்தியானம் கேட்டாள்.

மெக் அவருடைய நாய். ஒன்பது வருஷமாக அவர் நிழலை மிதித்துக்கொண்டு நடந்த நாய்.

"கீழே இருக்கு."

"கீழேன்னா?"

"குட்டைகிட்ட. வர மாட்டேங்குது."

காதைக் கொடுத்துக் கேட்டபோது பனிக்குள்ளிருந்து அந்தக் குரைப்பு வந்தது. ஆட்டை மடக்கும்போது குரைப்பது போல இல்லை. ஒரே அளவில், ஒரே இடைவெளியில், யாரையோ எழுப்புவது போல.

அடுத்த மூன்று நாளில் நோலா நிறைய விஷயங்களைக் கவனித்தாள். கவனிப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. வேலை முடிந்து வந்தால் கரி அடுப்பின் கதவைத் திறந்து, அதற்குள்ளேயே காலுறையோடு பாதங்களை நீட்டி, கம்பளி பொசுங்கும் நாற்றம் வரும்வரை எடுக்காத மனிதர், இப்போது அறையின் மறுகோடியில், கதவிடுக்கில் காற்று வரும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கரி வாளியை நிரப்ப மறந்தார். அவள் நினைவுபடுத்தினால் உடனே எழுந்து போய் நிரப்பினார், முகம் சுளிக்காமல். அதுவும் புதிது. மட்டன் கொஞ்சம் கருகிவிட்டது என்றாள்; பரவாயில்லை என்றார். முள்ளங்கி வேகவில்லை என்றாள், பரவாயில்லை என்றார். படுக்கையில் அவர் பக்கத்து விரிப்பு விடிந்ததும் பிழிகிற பதத்தில் இருந்தது. அவர் மூச்சு விடுவது கேட்கிறதா என்று ஒரு விடியலில் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். கேட்டது. அவளுடைய மூச்சு ஏறும்போது அதுவும் ஏறியது. அவள் நிறுத்தியபோது அதுவும் நின்றது.

நான்காம் நாள் சோதித்துப் பார்த்தாள்.

கோடையில் காயவைத்த பட்டாணி நெற்றுகளை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல், பேச்சுவாக்கில் சொல்வது போல: "நம்ம கல்யாணத்தன்னைக்குப் பெஞ்ச மழை ஞாபகம் இருக்கா? நேஸ்பி சர்ச்சுல, உங்க அம்மா தொப்பி நனைஞ்சு சாயம் இறங்கி..."

"ஞாபகம் இருக்கு," என்றார் மெர்வின். "நல்ல மழை."

அன்று மழையே பெய்யவில்லை. ஜனவரி மாதம், வெயில் மண்டையைப் பிளந்தது. அவருடைய அம்மா அதற்கு ஐந்து வருஷம் முன்பே இறந்துபோயிருந்தாள்.

நோலா பட்டாணியை உரித்து முடித்தாள். ஒன்றுகூட கீழே விழவில்லை. அதில் அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவர் வெளியே போனதும் தொலைபேசியில் பெரிலைக் கூப்பிட்டாள். பெரில் டவ்லிங் மூன்று மைல் தள்ளி இருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரி, பள்ளிக்கூட நாளிலிருந்தே தோழி.

"பெரில், ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. மெர்வ் மெர்வா இல்லைடி."

பெரில் சிரித்தாள். "ஆகஸ்ட்ல யாருடி அவங்களா இருக்காங்க? எங்க வீட்டுது நேத்து வானிலை அறிக்கையைக் கேட்டுட்டு ரேடியோவை எட்டி உதைச்சிருச்சு."

"இல்லடி. சண்டையே போட மாட்டேங்குறாரு."

"கடவுளே. அப்படியே ரெண்டு நாளைக்கு எனக்கு அனுப்பி வை."

நோலா சேர்ந்து சிரிக்கவில்லை. பெரிலின் குரல் தணிந்தது.

"பத்து வாரமா நாலு சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கே. மூளை கொஞ்சம் தாளம் தப்பத்தான் செய்யும். ரோட்டுல பனி விட்டதும் வர்றேன், கேக் போட்டு எடுத்துட்டு. ஆனா ஒண்ணு, நானே கேக்கணும்னு இருந்தேன். உங்க சினையாடு பூரா எங்க வேலியில வந்து நின்னு கத்துது. நாலஞ்சு நாளாச்சு அதுங்க வயித்துல எதுவும் விழுந்து. எங்க வீட்டுக்காரர்தான் பாவம்னு நாலு புல்லுக்கட்டு பிரிச்சுப் போட்டாரு. மெர்வுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

தினமும் காலை எட்டு மணிக்கு மெர்வின் புல் போடத்தான் போனார். பத்து மணிக்குத்தான் வந்தார்.

"தெரியல," என்றாள் நோலா.

அவர் எங்கே போகிறார் என்பது மறுநாள் தெரிந்தது. ஒன்பது மணிவாக்கில் பனி ஒரு நிமிஷம் மெலிந்தது. நாடகத் திரையை யாரோ ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்தாற்போல, வேலி தெரிந்தது, சரிவு தெரிந்தது, வில்லோ மரங்களும் நாணல் புதரும் குட்டையின் வெள்ளைத் தட்டும் தெரிந்தன. கரையில் மெர்வின் நின்றிருந்தார். தொப்பி இல்லை, கையுறை இல்லை. கைகள் பக்கவாட்டில் தொங்கின. முகம் பனிக்கட்டியைப் பார்த்துக் குனிந்திருந்தது. குட்டையின் நடுவே மெக் நின்று, பின்னங்கால்களுக்குள் வாலை ஒடுக்கிக்கொண்டு, அவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. அவருடைய நாய்.

அவர் வாயிலிருந்து ஆவி வரவில்லை. நாயின் வாயிலிருந்து புகை புகையாக வந்தது.

பிறகு அவர் தலையைத் திருப்பி நேராக இந்த ஜன்னலைப் பார்த்தார். திரை மறுபடி விழுந்தது.

அன்று வீடு திரும்பியபோது அவர் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"பனி எப்போ உருகும்?"

வானொலி காலையிலேயே சொல்லிவிட்டது. வியாழக்கிழமை வடமேற்குக் காற்று திரும்புகிறது, வெப்பம் ஏறும். அந்தச் செய்தியைக் கேட்பதற்காகத்தான் நோலா ஜூன் மாதத்திலிருந்து உயிரோடு இருந்தாள் என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அந்தக் கண்களில் இருந்த கவனம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இந்த வருஷம் தாமதம்," என்றாள். "அக்டோபர் ஆயிடும்னாங்க."

அவர் தலையாட்டினார். வேறு பக்கம் திரும்பவில்லை. அவள் அடுப்புக்குப் போனாள். பார்வை பின்னால் வந்தது. ரொட்டி மாவைப் பிசைந்தாள். அவள் மணிக்கட்டு திரும்புவதை அவர் பார்த்தார். நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் தள்ளினாள்; மேஜைக்கு அந்தப் பக்கம் அவருடைய புறங்கையும் மெதுவாக உயர்ந்து, இல்லாத முடியைத் தள்ளியது.

"நீ என்ன பாட்டு முணுமுணுப்பே?" என்று கேட்டார்.

"எந்தப் பாட்டு?"

"தனியா இருக்கும்போது."

அதன் பிறகு அவள் எதையும் முணுமுணுக்கவில்லை. ஆனால் மறுநாள் அவர் அடுத்தடுத்துக் கேட்டார், குழந்தைக்குப் பாடம் எழுதிப் போட்டது போல வரிசையாக. பெரிலை எப்படிக் கூப்பிடுவாய். தங்கை பேர் என்ன. எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாய். ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பாய். சிலவற்றுக்குப் பொய் சொன்னாள். பொய் சொன்னபோதெல்லாம் அவர் தலையைச் சாய்த்து, அதுவும் பரவாயில்லை என்பது போல லேசாகச் சிரித்தார்.

லாரி சாவியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தாள். உடைந்த இடது காலால் கிளட்சை மிதிக்க முடியாது. நடந்து போகலாம். மூன்று மைல், கண்ணாடிபோல் உறைந்த சாலை. பெரிலிடம் என்ன சொல்வது? என் புருஷன் அன்பாக நடந்துகொள்கிறார், வந்து காப்பாற்று என்றா?

வியாழக்கிழமை விடிகாலை ஒரு சத்தம் அவளை எழுப்பியது.

சொட்டு. சொட்டு. சொட்டு.

கூரை விளிம்பிலிருந்து தண்ணீர். தகரம் முறுக்கித் தளரும் ஓசை. பிறகு காற்று, மலைகளைத் தாண்டி வரும் அந்த உலர்ந்த வெதுவெதுப்பான பெருங்காற்று, ஜன்னல் சட்டங்களைப் பிடித்து உலுக்கியது. அவள் எழுந்து திரையை விலக்கினாள். பனி இல்லை. ஹாக்டன் மலைத்தொடர் முழுசாக, நீலமாக, ஒவ்வொரு மடிப்பும் தெரிய நின்றது. வேலிக் கம்பிகளிலிருந்து வெள்ளை முட்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. சமையலறை ஜன்னலைத் திறந்தாள். ஈர மண் வாசனை முகத்தில் வந்து அறைந்தது. அத்தனை நாள் வேண்டிக்கொண்டது. கண் கலங்கியது, அது சந்தோஷம்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

படுக்கையில் மெர்வின் இல்லை. அறைகளில் இல்லை. கொட்டகையில் லாரி நின்றது.

பெரிலைக் கூப்பிட்டாள். "இப்பவே வா. கேக்கெல்லாம் வேண்டாம். வண்டியை எடு."

இந்தத் தடவை பெரில் சிரிக்கவில்லை. "கிளம்பிட்டேன். அரை மணி நேரம். கதவைச் சாத்திக்கோ."

சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். மேஜை விளிம்பில் உட்கார்ந்தாள்.

பின்கதவைச் சுரண்டும் ஓசை.

தாழ்வாக. கதவின் அடியில். கூடவே ஒரு முனகல். மெக்.

திறந்தபோது நாய் உள்ளே வரவில்லை. விலா எலும்புகள் எண்ணும்படி தெரிந்தன. முன்பாதங்களில் நகம் இல்லை. சதை கிழிந்து, படியில் சிவப்பாகத் தடம் வைத்தது. பனிக்கட்டியைச் சுரண்டியிருக்கிறது, எத்தனை நாளோ. ஏப்ரனின் நுனியைப் பல்லால் பிடித்து இழுத்தது. விட்டது. நாலடி ஓடி, திரும்பிப் பார்த்தது.

நோலா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டாள். பச்சைக் கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டாள். பத்து வாரத்துக்குப் பிறகு படி இறங்கினாள்.

சரிவு முழுக்கச் சேறு. ஒவ்வொரு அடியாக வைத்தாள். கணுக்கால் தெறித்தது. எங்கும் தண்ணீர் ஓடும் சத்தம். பகல் வெளிச்சத்தில் கண் கூசியது. நாணல் புதரை விலக்கிக்கொண்டு கரைக்கு வந்தபோது கால் சறுக்கி உட்கார்ந்தே விட்டாள்.

பனிக்கட்டியின் மேலிருந்த வெள்ளைப் பூச்சு போய்விட்டது. கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. கீழே பழுப்புத் தண்ணீர். நாய் ஒரு இடத்தில் போய் நின்றது. அங்கே கட்டியின் மேல் கீறல்கள், நூற்றுக்கணக்கில், இரத்தம் பாய்ந்து உறைந்தவை. கட்டியில் எங்கும் ஓட்டையோ உடைப்போ இல்லை.

கீறல்களுக்கு அடியில் மெர்வின் இருந்தார்.

மல்லாந்து. கண் திறந்து. வாய் திறந்து. இரண்டு உள்ளங்கைகளும் கட்டியின் அடிப்பக்கத்தில் பதிந்திருந்தன, தள்ளுவது போல. இடது பூட்ஸின் கயிறு அவிழ்ந்து தண்ணீரில் மெதுவாக அசைந்தது. திட்டிக்கொண்டே போயிருப்பார். அதுதான் அவர். அதுதான் அவளுடைய மனிதர்.

நோலா கத்தவில்லை. "அடப்பாவி," என்று மட்டும் சொன்னாள், மிக மெதுவாக, அவரைக் கொஞ்சுவதற்கு அவள் எப்போதும் சொல்வது போல.

நாய் திடீரென்று காதைப் பின்னால் மடித்தது. ஒரு சத்தமும் இல்லாமல் எதிர்க்கரை ஏறி ஓடியது.

பின்னால் சேற்றில் யாரோ நடந்து வரும் சத்தம். அவசரமில்லாத நடை. பக்கத்தில் வந்து நின்றது. 'அவர்' என்று இல்லை, 'அது' என்றுதான் இப்போது அவளால் நினைக்க முடிந்தது. அதன் கால்சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதுவும் கட்டிக்குள் பார்த்தது, வெறுப்பு இல்லாமல், பழைய சட்டையைப் பார்ப்பது போல.

"அக்டோபர்னியே," என்றது.

"பெரில் வர்றா," என்றாள் நோலா. "இப்போ வந்துருவா. எல்லாத்தையும் பாத்துருவா."

"வரட்டும். அவளுக்காகத்தான் டீ போட்டிருக்கா."

"யாரு?"

அது அவள் மணிக்கட்டைப் பிடித்தது. குளிர், எலும்புக்குள் இறங்கும் குளிர்.

மேலே வண்டிச் சத்தம். நாணல் தண்டுகளுக்கிடையே, சரிவின் உச்சியில், வீடு தெரிந்தது. பெரிலின் சாம்பல் நிற வண்டி முற்றத்தில் வந்து நின்றது. பெரில் இறங்கினாள், கதவைக்கூடச் சாத்தாமல், பாதி ஓட்டமாக. அவள் படியேறும் முன்பே பின்கதவு திறந்தது.

வாசலில் ஒரு பெண் நின்றாள். பச்சைக் கம்பளிச் சட்டை. கழுத்துவரை பொத்தான். ஊன்றுகோல், சரியான கையில். நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் தள்ளிவிட்டுச் சிரித்தாள்.

பெரில் நின்றாள். ஒரு கணம். பிறகு தோள்கள் தளர்ந்து, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"பெரில்!"

காற்று எதிர்த் திசையில் வீசியது. அந்தப் பெயரைப் பிடுங்கி மலைகளை நோக்கிக் கொண்டுபோனது. நோலா மறுபடி கத்தினாள். எழுந்து நிற்கப் பார்த்தாள். கணுக்கால் மடிந்தது. நாணலுக்குக் கீழேயே விழுந்தாள்.

வாசலில் இருந்த பெண் பெரிலின் காதில் ஏதோ சொல்லி, குட்டைப் பக்கம் கை காட்டினாள். பெரில் திரும்பினாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, கரையில் தனியாக நிற்கும் மெர்வினைப் பார்த்தாள். நிம்மதியாக, பெரிதாக, கை அசைத்தாள்.

நோலாவின் தலைக்கு மேலே அதன் ஒரு கை உயர்ந்து, பதிலுக்கு அசைந்தது. இன்னொரு கை அவளைப் பனிக்கட்டியின் மேல் மெல்ல இழுக்கத் தொடங்கியது.